வரிசையை இன்னும் மோசமாக்குவது எப்படி?

தாட்சாயினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். பிறகு மூக்கு. மூக்கும் சிவந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது. வகுப்பில் அவளைத் 'தாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அடுப்பில் வைத்த தாச்சிச் சட்டி மாதிரி எந்நேரமும் சூடு!

அந்த வியாழக்கிழமை காலையில் அவளுடைய காது, மூக்கு, கழுத்து எல்லாமே சிவந்திருந்தன. சும்மா இல்லை, காரணம் இருந்தது. கேட்டால் உங்களுக்கும் சிவக்கும்.

அது போர் நடந்த காலம். எங்கே எப்போது குண்டு வெடிக்குமோ என்று கொழும்பு முழுக்கப் பயம். அதனால் பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு, உள்ளே போகிற ஒவ்வொரு பிள்ளையின் பையையும் சோதித்தார்கள். சோதித்தது பொலிஸ் இல்லை, ஆமி இல்லை. அம்மாமார்! ஒவ்வொரு வகுப்பின் அம்மாமாரும் முறை வைத்து வந்து நிற்க வேண்டும். இந்த வாரமும் அடுத்த வாரமும் ஆறாம் வகுப்பின் முறை. தாட்சாயினியின் அம்மா கனகேஸ்வரியும் இன்னும் இரண்டு அம்மாமாரும் மேசையில் நின்றார்கள்.

நல்ல ஏற்பாடுதான். யார் வேண்டாம் என்றது? ஆனால் வரிசை இருக்கிறதே வரிசை, அது நகரவே நகராது. வாசலுக்கு முன்னால் இருக்கிற சின்னத் தெருவில், அந்த வெள்ளவத்தை ஒழுங்கை நெடுகப் பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு நிற்பார்கள். நின்றுகொண்டே இருக்கும்போது மணி அடித்துவிடும். மணி அடித்த பிறகு வாசலுக்கு வெளியே நிற்கிற எல்லோரும் 'லேற்'! லேற் என்றால் முதல் பாடம் முடியும்வரை வெயிலில் நிற்க வேண்டும். மூன்று தரம் லேற் என்றால் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவர வேண்டும்.

வரிசையில் நிறுத்துவதும் பள்ளிக்கூடம். வரிசையில் நின்றதற்குத் தண்டிப்பதும் பள்ளிக்கூடம். இது எந்த ஊர் நியாயம்?

அன்று அம்மாவோடு நேரத்தோடு, வெள்ளனவே வந்துவிட்டதால் தாட்சாயினி வாசலுக்கு உள்ளே நின்றாள். அவளுடைய சிநேகிதி ஆறாயி வெளியே வரிசையில் நின்றாள். ஆறாயி ஜிந்துப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஏற்கனவே இரண்டு தரம் லேற் வாங்கிவிட்டாள். ஆனால் இன்றைக்குத் தப்பிவிடுவாள். அவளுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள், மணி அடிக்கவும் கொஞ்ச நேரம் இருந்தது.

மற்ற இரண்டு அம்மாமாரும் ஆளுக்கொரு பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா முதல் பிள்ளையின் பையைத் திறந்தார். உள்ளே சாப்பாட்டுப் பார்சல். கறி ஒழுகிவிடுமென்று அதைக் கடதாசியில் சுற்றி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, அதற்கும் ஒரு முடிச்சு. அம்மா நகத்தால் முடிச்சைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"பிள்ளை, நீங்கள் எவடம்?"

"பம்பலப்பிட்டி, அன்ரி."

"அது இப்ப. ஊரில எவடம்?"

"கொடிகாமம்."

அம்மாவின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. "கொடிகாமமோ! சந்தைக்குப் பக்கமோ, ஸ்ரேசனுக்குப் பக்கமோ? அப்பான்ர பேர் என்ன? எப்ப கொழும்புக்கு வந்தனீங்கள்?"

"அம்மா, கெதியா! மணி அடிக்கப்போகுது!" என்று தாட்சாயினி உள்ளேயிருந்து கத்தினாள்.

அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளையின் மாமா யார், மாமி யார் என்று விசாரித்து முடித்து, அடுத்த பிள்ளையிடமும் "நீங்கள் எவடம்?" என்றார். தாட்சாயினி பல்லைக் கடித்தாள்.

மணி அடித்தது. ஆறாயி வாசலுக்கு வெளியே நின்றாள். ஒரு எட்டு வைத்திருந்தால் உள்ளே!

உப அதிபர் இரத்தினம்மா ரீச்சர் வந்து கையை நீட்டினார். "இதில இருந்து பின்னுக்கு நிக்கிற எல்லாரும் லேற். ஆறாயி, உமக்கு மூண்டாந்தரம். திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

"ரீச்சர்!" தாட்சாயினி பாய்ந்து வந்தாள். "அவ எப்பவோ வந்திட்டா! வரிசையில நிண்ட பிள்ளைக்கு எப்பிடி லேற் போடுவீங்கள்?"

"வாய் காட்டுறீரோ? நீரும் போய் வெயிலில நில்லும்."

நின்றாள். நின்றவள் சும்மா நிற்கவில்லை, காலால் மண்ணைக் கிளறிக் கிளறிப் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு பக்கத்தில் ஆறாயி. மறு பக்கத்தில் உம்மு குல்தூம். உம்மு குல்தூமின் வீடு பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வீடு. அவளும் லேற்! இந்த வரிசையின் இலட்சணம் அதிலேயே தெரியும்.

"அழாத ஆறாயி" என்றாள் உம்மு குல்தூம். "வாப்பாமார் வந்தா என்ன, ரெண்டு வார்த்தை ஏசுவாங்க, போயிருவாங்க."

"எங்கப்பா ஏசமாட்டாரு" என்றாள் ஆறாயி. அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது. "போன தடவையே சொல்லிட்டாரு. அவ்வளவு தூரம் போயி வெயில்ல நிக்கிறதுக்கா படிக்கப் போற, பக்கத்துப் பள்ளிக்கூடமே போதும்னு. திங்கக்கிழம வந்தாருன்னா என்னையக் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு."

தாட்சாயினி மண் கிளறுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் வெடித்தாள். அவர்கள் வீடென்பது வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு அறை. கத்தினால் மேல்மாடிவரை கேட்கும். அதைப் பற்றி அவளுக்கு இன்று கவலையில்லை.

"எல்லாம் உங்களால! ஊர் விசாரிக்கிற இடமோ அது? உங்களாலதான் ஆறாயி பள்ளிக்கூடத்தை விட்டுப் போகப்போறாள்!"

"என்னடி கதை கதைக்கிறாய்?" அம்மாவுக்கும் கோபம் வந்தது. மகளுக்கு அந்தக் கோபம் வேறெங்கிருந்து வந்திருக்கும்! "பிள்ளையளோட ரெண்டு வார்த்தை கதைச்சது குற்றமோ?"

"குற்றம்தான்! ரெண்டு வார்த்தையோ அது? மாமன், மாமி, சந்தை, ஸ்ரேசன்! ஏன் கேக்கிறீங்கள்? உங்களுக்கு ஏன் அது?"

அம்மா போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். 

"போன வருசம் ஊரைவிட்டு வரேக்க, சித்தியைச் சாவகச்சேரி றோட்டில கண்டனான். சைக்கிளில சாமான் கட்டி, பிள்ளையளையும் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. 'நீங்கள் போங்கோ அக்கா, நாங்கள் பின்னால வாறம்' எண்டவ. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இவ்வளவு பிள்ளையள் வருகுதுகள். ஒரு வீட்டிலயாவது ஜெகதீஸ்வரி எண்ட சித்தியின்ர பேரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டினமோ எண்டுதான்."

 சித்தியின் முகம் தாட்சாயினிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இவ்வளவு நேரமும் கோபிப்பதற்கு ஒரு ஆளாவது இருந்தார். இப்போது ஆளும் இல்லை, கோபம் மட்டும் அப்படியே இருந்தது. படுத்தாலும் குத்தியது, எழும்பினாலும் குத்தியது.

வெள்ளிக்கிழமை அவளுடைய முதல் யோசனை வேலை செய்ய வேண்டிய நாள். முதல் நாள் வீட்டுக்குப் போகுமுன் வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருந்தாள். "எல்லாரும் வெள்ளன வாங்கோ. அவ்வளவுதான் விசயம்."

எல்லோரும் வெள்ளன வந்தார்கள். அவர்களிடம் கேள்விப்பட்ட ஏழாம் வகுப்பும் வெள்ளன வந்தது. எட்டாம் வகுப்பும் வந்தது. ஆனால் மேசை வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தது! வரிசை ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதி என்ற பெரிய றோட்டுக்கே போய்விட்டது. அங்கே நின்ற பொலிஸ்காரர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போனார். எல்லோரும் வெள்ளன வந்தால் ஒருவருமே வெள்ளன வந்ததாகாது என்பது அன்றைக்குத்தான் தாட்சாயினிக்கு விளங்கியது. ஆறாயி உள்ளே வந்ததே மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான்.

இடைவேளைக்கு மூன்று பேரும் ஜாம்பழ மரத்தடியில் கூடினார்கள்.

"இன்னொரு மேசை போடச் சொல்லுவம்" என்றாள் தாட்சாயினி.

"சரிவராது" என்றாள் உம்மு குல்தூம். "இன்னும் உம்மாமார் வேணுமே. எல்லாரும் வேலைக்குப் போற ஆக்கள்."

"பை கொண்டு வராம வந்தா?" என்றாள் ஆறாயி.

"சரிவராது. புத்தகத்தைத் தலையிலயா வைக்கிறது?"

"பின்பக்கக் கேற்றைத் திறந்தால்?" என்றாள் தாட்சாயினி.

"அதுவும் சரிவராது. அங்க ஆர் பாக்கிறது?"

தாட்சாயினியின் காது சிவந்தது. "சரிவராது, சரிவராது, சரிவராது! ஒரு நல்ல யோசனையும் எங்களுக்கு வராது. விடு! நல்ல யோசனையே வேண்டாம். அந்த வரிசையை இன்னும் மோசமாக்குவம். பின்னேரம் வரைக்கும் நிக்கட்டும் எல்லாரும்! ரீச்சரும் நிக்கட்டும்!"

உம்மு குல்தூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பிடி மோசமாக்குவீங்க?"

"எப்பிடியோ? எல்லாரும் ஆளுக்கொரு பலாப்பழம் கொண்டு வரவேணும். ஒவ்வொரு பழமா வெட்டிப் பாக்கட்டும்!"

"சாப்பாட்டுப் பார்சலுக்கு ஏழு பை, ஏழு முடிச்சு" என்றாள் உம்மு குல்தூம். "அதுவும் எங்கட உம்மா போடுற முடிச்சு. ஆண்டவனாலயும் அவுக்க ஏலாது."

"கொம்பாஸ் பெட்டிய பையோட அடியில போடணும்" என்றாள் ஆறாயி. இரண்டு நாளாகச் சிரிக்காத அவள் முகத்திலும் இப்போது சிரிப்பு. "மேல பதினஞ்சு புத்தகத்த அடுக்கிரணும்."

"மேசைக்கிட்டப் போகும் மட்டும் பையைத் திறக்கவே கூடாது. போன பிறகுதான் பையைப் பூட்டின சிப்பைத் தேடவேணும். சிப் இறுகியிருக்கவேணும்!" என்றாள் தாட்சாயினி.

"ஒவ்வொரு புள்ளையையும் எந்த ஊரு, யாரு மகள்னு..." என்று தொடங்கிய ஆறாயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தாட்சாயினி கோபிக்கவில்லை. அவள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்கோ" என்றாள் மெதுவாக. "பலாப்பழத்தை விடுங்கோ. மிச்சம் எல்லாம் நாங்கள் இப்பவே செய்யிறம்!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உண்மைதான். முடிச்சு இருக்கிறது. கொம்பாஸ் பெட்டி அடியில்தான் கிடக்கிறது. மேசைக்குப் போன பிறகுதான் பையைத் திறக்கிறார்கள். ஒழுங்கை நெடுக நிற்கிற நேரம் முழுக்கக் கைதட்டி விளையாட்டு!

"அப்ப ஒவ்வொண்டையும் தலைகீழாத் திருப்புவம்" என்றாள் தாட்சாயினி. "முடிச்சே போடாமல் விட்டால்?"

"பஸ்ல கறி ஒழுகிரும்" என்றாள் ஆறாயி. சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "இரு, இரு. எங்க முருகன் கோயில்ல அர்ச்சனைக்கு எப்பிடிக் குடுப்போம்? தேங்கா, பழம், வெத்தல எல்லாத்தையும் வரிசையில நிக்கிறப்பவே தட்டில எடுத்து வச்சிருவோம். ஐயர்கிட்டப் போயி யாராச்சும் பைய அவுத்துக்கிட்டு நிப்பாங்களா? ஐயரு ஏசிருவாரே!"

"அதுதான்!" தாட்சாயினி துள்ளினாள். "பஸ்ஸில முடிச்சு இருக்கட்டும். வரிசையில நிக்கேக்க அவிழ்ப்பம். பையின்ர வாயைத் திறந்து, சாப்பாடும் கொம்பாஸ் பெட்டியும் மேல. மேசைக்காரர் பாத்தவுடன தெரியவேணும்."

"சின்னப் புள்ளையள் மறந்து விளையாடுமே. ஆரு செல்லிக்கொண்டு திரியிறது?" என்றாள் உம்மு குல்தூம். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மத்த விசயத்துக்கு என்ன செய்யிற? பேரையும் ஊரையும் அட்டையில எழுதிக் கழுத்தில தொங்கப்போட்டா? கேக்கத் தேவையில்லையே."

"ஊரையோ?" தாட்சாயினியின் குரல் மாறிவிட்டது. "வேண்டாம். போன மாதம் அப்பாவைச் சந்தியில மறிச்சு, அடையாள அட்டையில ஊரைப் பாத்திட்டுத்தான் பொலிசுக்குக் கொண்டுபோனவங்கள். விடியும் வரைக்கும் விடேல்ல."

 அம்மா கேட்கிற அதே கேள்வியைத்தான் சந்தியில் துவக்கு ஏந்தி நிற்பவர்களும் கேட்கிறார்கள். அம்மா கேட்பது தேடுவதற்கு. அவர்கள் கேட்பது பிடிப்பதற்கு.  அம்மாவின் கேள்வியை மட்டும் நிறுத்தச் சொல்லத் தாட்சாயினிக்கு மனம் வரவில்லை. நிறுத்தவே கூடாது! ஆனால் மேசையில் வைத்துக் கேட்டால்...

"கேக்கிறது பிழையில்லை" என்றாள் சட்டென்று. "நிக்கிற இடம்தான் பிழை. அம்மாவை மேசையை விட்டு எழுப்புவம். வரிசை நெடுக நடந்து போகட்டும். 'முடிச்சை அவிழ் பிள்ளை' எண்டு சொல்லட்டும், அவிழ்க்கிற நேரத்தில ஊரையும் கேக்கட்டும். எவ்வளவு நேரமும் கதைக்கட்டும்!"

உம்மு குல்தூம் வாயைத் திறந்தாள். 'சரிவராது' என்று சொல்லத்தான். ஆனால் சரிவராததற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

இரத்தினம்மா ரீச்சரிடம் அனுமதி கேட்கத் தாட்சாயினியே போனாள். கோபத்தைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னாள்.

"பாதுகாப்பில விளையாட்டோ பிள்ளை?" என்றார் ரீச்சர்.

"ஒரு பையையும் பாக்காமல் விடமாட்டினம், ரீச்சர். இப்ப மணி அடிக்கப்போகுது எண்டு கடைசிப் பையளை அவசரப்பட்டுப் பாக்கினம். இப்பிடிச் செய்தால் எல்லாத்தையும் வடிவாப் பாக்கலாம்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திங்கட்கிழமை ஒரு நாள். பிழைச்சுதெண்டால் அடுத்த கிழமை முழுக்க நீர் வெயிலில."

அம்மாவிடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. "அப்ப நான் மேசைக்கு உதவாத ஆளோ?" என்று முதலில் முகத்தை நீட்டினார். பிறகு, "வரிசையில நிக்கிற எல்லாரோடயும் கதைக்கலாமோ? முழுப் பள்ளிக்கூடத்தோடயும்?" என்று கேட்டார். நீட்டிய முகம் மலர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை. வரிசை வழக்கம்போல நீண்டது. அதன் கடைசியில் ஆறாயி, அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பா செல்லையா. நெடிய மனிதர். கையைக் கட்டிக்கொண்டு, ஒருவரையும் பார்த்துச் சிரிக்காமல் நின்றார். 

"முடிச்சை அவிழுங்கோ பிள்ளையள்! கொம்பாஸ் பெட்டி மேல வரட்டும்!" அம்மா வரிசை நெடுகக் கிளம்பிவிட்டார். "நீங்கள் எவடம் பிள்ளை? சுன்னாகமோ? அவிழ், அவிழ், அவிழ்த்துக்கொண்டே சொல்லு. இதென்ன முடிச்சு, உன்ர அம்மா போட்டதோ, கோபத்தில போட்டவவோ?"

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவிழ்த்தார்கள். ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பருப்புக் கறி காலில் போட்டிருந்த சப்பாத்தில் கொட்டிவிட்டது. அம்மா தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, துடைத்துக்கொண்டே அந்தப் பிள்ளையின் ஊரையும் கேட்டுவிட்டார்.

மேசையில் இரண்டு அம்மாமார்தான். பை வரும், வாய் திறந்திருக்கும், பார்ப்பார்கள், உள்ளே கைவிட்டுத் தடவுவார்கள், "போ பிள்ளை." அடுத்தது. "போ பிள்ளை." வரிசை நடந்தது! நின்ற வரிசை, நகராத வரிசை, காலால் நடந்தது!

இரத்தினம்மா ரீச்சர் நம்பவில்லை. சோதித்து முடிந்த ஒரு பையை வாங்கித் தானே இன்னொரு தரம் முழுக்கக் கிளறினார். ஒன்றும் தவறவில்லை. பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

வரிசையில் கடைசியாக நின்ற ஆறாயி வாசலைத் தாண்டினாள். அதற்குப் பிறகும் மணி அடிக்கவில்லை. ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. தாட்சாயினி மூச்சை விட்டாள்.

அப்போது செல்லையா வாசலுக்கு வந்தார். "என்னைய வரச் சொன்னீங்களாம்."

"ஓம்" என்றார் ரீச்சர். "உங்கட மகள் மூண்டு தரம் லேற்..."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன், ரீச்சர். எம்மக வந்தப்ப நேரம் என்ன, உள்ள போனப்ப நேரம் என்னனு. இன்னைக்கு வரிச வேகமா வந்துச்சு, போயிட்டா. அன்னைக்கும் இதே நேரத்துக்குத்தானே வீட்டவிட்டு வந்தா?" அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த கோபத்தைப் பார்த்துத் தாட்சாயினியே அசந்துபோனாள். "வரிசையில நின்ன புள்ளைக்கு எப்பிடி லேட் போட்டீங்க?"

வியாழக்கிழமை தாட்சாயினி கேட்ட அதே கேள்வி! அவள் கேட்டபோது வெயிலில் நின்றாள். பெரியவர் கேட்கும்போது ரீச்சருக்கு வியர்த்தது. இதை நினைத்து அவளுக்கு இன்னொரு கோபம் வரப் பார்த்தது. ஆனால் ரீச்சரின் பதிலைக் கேட்க வேண்டியிருந்ததால் அதைத் தள்ளி வைத்தாள்.

 "பிழைதான்" என்றார் ரீச்சர். "இனிமேல் வரிசையில நிக்கிற பிள்ளைக்கு லேற் இல்லை. இவவின்ர இந்த மூண்டு லேற்றும் இல்லை." பிறகு தாட்சாயினி பக்கம் திரும்பினார். "உமக்கும்தான் சொல்லுறன், பிள்ளை. அண்டைக்கு நீர் சொன்னது சரி."

ஒழுங்கையிலிருந்து அம்மா வேகமாக வந்தார். சேலைத் தலைப்பில் பருப்பு, முகத்தில் ஒரு பரபரப்பு. "ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு சொல்லுது, அதின்ர மாமி போன கிழமைதான் கிளிநொச்சியில இருந்து வந்தவவாம். அங்க ஒரு ஜெகதீஸ்வரி இருக்கிறாவாம், ரெண்டு பிள்ளையளோட. எங்கட ஜெகதீஸ்வரியோ தெரியாது. பின்னேரம் போய்க் கேக்கப்போறன். நீயும் வா."

தாட்சாயினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.  'ஓம்' என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி அடித்தது. செல்லையா திரும்பி நடந்தார். நாலு எட்டு வைத்துவிட்டு நின்று, மகளைப் பார்த்தார்.

ஆறாயி அசையாமல் நின்றாள். அவளுடைய பை இன்னும் வாயைத் திறந்தபடி கையில் இருந்தது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் அப்பா. "கிளாசுக்குப் போ. சாயந்தரம் பஸ்ல பாத்து வா. நாளைக்குக் காலையில நேரத்தோட எந்திரிக்கணும், பிந்திராத."

நாளைக்கு! ஆறாயி ஓடி வந்து தாட்சாயினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூன்று பேரும் கைகோத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள். தாட்சாயினிக்குக் கோபப்பட உலகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை போல இருந்தது, முதல் பாடம் கணக்கு என்பது ஞாபகம் வரும்வரை.